கண்ணுக்குள் விட்ட எண்ணெய்: விழித்திரை அறுவைக்குப் பின் அழுத்தம் ஏறுவது ஏன்?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 52. சின்ன வயதிலிருந்தே கண்ணாடி, மைனஸ் 9 பவர். போன ஆண்டு வலது கண்ணில் ஒரு பக்கம் திரை போட்டதுபோல் மறைத்தது. விழித்திரை கழன்றுவிட்டது என்று உடனே அறுவை செய்து கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி கழன்றது. இரண்டாவது அறுவையில் புரை விழுந்த லென்ஸையும் மாற்றி, உள்ளே சிலிக்கோன் எண்ணெய் விட்டார்கள். இப்போது ஐந்து மாதம். பார்வை ஓரளவு வந்தது. ஆனால் போன முறை கண் பிரஷர் 34 என்றார்கள். எண்ணெய் துளித்துளியாக உடைந்து முன்பக்கம் வந்திருக்கிறதாம். இரண்டு சொட்டு மருந்தும் டயமாக்ஸ் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று பயந்து அதை நிறுத்திவிட்டார். கண் சிவந்தால் மட்டும், முதல் அறுவைக்குக் கொடுத்த வெள்ளை மருந்தைக் குலுக்கி விட்டுக்கொள்கிறார். அதில்தான் சுகமாக இருக்கிறது என்கிறார். அவருக்கு பி.பி.கூடக் கிடையாது. பிறகு இந்தப் பிரஷர் எங்கிருந்து வந்தது? அறுவையில் ஏதும் தப்பு நடந்துவிட்டதா? எண்ணெயை உடனே எடுக்கச் சொல்லலாமா? மாமியார் விளக்கெண்ணெய் விட்டால் குளிர்ச்சி என்கிறார். ஜூன் மாதம் திருச்சியில் என் அண்ணன் மகள் கல்யாணம், விமானத்தில் போகலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

முதலில் அந்த வெள்ளை மருந்து. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பால் போல் கலங்கி, குலுக்கி விட வேண்டிய சொட்டு மருந்து என்றால், அது பெரும்பாலும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. அறுவை முடிந்த சில வாரங்களுக்கு அது அவசியமான மருந்து, புண்ணையும் வீக்கத்தையும் அடக்கும். சிவப்பு உடனே குறைவதால் நோயாளிக்கு அதன் மேல் தனிப் பிரியம் வந்துவிடும். ஆனால் மூன்றில் ஒருவருக்கு இந்த மருந்தே கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அதிலும் அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் கிளாக்கோமா என்ற பார்வை நரம்பு நோய் இருப்பவர்கள் இதற்கு எளிதில் ஆளாவார்கள். உங்கள் கணவருக்கு மைனஸ் 9.

இன்றைக்கே அந்தப் பாட்டிலைப் பார்த்து, பெயரைப் படித்து, கண் மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள். அவர் அதை விட்டுக்கொள்வது அவருடைய மருத்துவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரியாவிட்டால் 34 முழுவதையும் எண்ணெயின் கணக்கில் எழுதி, அதற்கேற்ற முடிவை எடுப்பார். முதல் அறுவைக்குக் கொடுத்தது என்றால் பாட்டில் திறந்து ஏழு மாதமாவது ஆகியிருக்கும். திறந்த 28 நாளில் தூக்கிப் போட வேண்டிய பாட்டில் அது. இப்போதைய மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டும் பையில் இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கண் ஏன் சிவக்கிறது என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். சில சமயம் அழுத்தத்துக்குக் கொடுத்த மருந்தே ஒவ்வாமல் சிவக்கும்.

சரி, பிரஷர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். கண் அழுத்தத்துக்கும் பி.பி.க்கும் பெயரில்தான் உறவு. கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர்; ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. சுரக்கிற அளவு வெளியேறியும் ஆக வேண்டும். கருவிழியும், கண் பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸும் சந்திக்கும் மூலையில், சல்லடை மாதிரி ஒரு மெல்லிய வலை இருக்கிறது. அதன் வழியாக நீர் வடிகிறது. அடுக்குமாடி வீட்டுச் சமையலறை சிங்க் மாதிரிதான். குழாய் திறந்தே இருக்கும், வடிகால் அடைத்தால் தொட்டி நிறையும். கண்ணில் பொங்கி வழிய இடமில்லை, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை சாதாரணம். அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கினால் அதுதான் கிளாக்கோமா. அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதும் கிளாக்கோமா வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. உங்கள் கணவர் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை நரம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி எண்ணெய். கண்ணின் பின்பகுதியில் இருக்கும் கூழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விடுகிறார்கள், சுமார் நான்கு மில்லிலிட்டர். விழித்திரையை உள்ளிருந்து சுவரோடு அணைத்துப் பிடிக்கும் கைபோல அது வேலை செய்கிறது. தண்ணீரைவிடச் சற்று லேசானது, ஆகவே மிதக்கும். விட்ட புதிதில் ஒரே பெரிய குமிழியாக இருக்கும். கண்ணோ ஓயாமல் அசைகிற உறுப்பு, தூக்கத்தில்கூட ஓடும். ஒரு புட்டியில் நல்லெண்ணெயும் தண்ணீரும் ஊற்றி மாதக்கணக்கில் குலுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. எண்ணெய் பொடித்துளிகளாக உடைகிறது. ரத்தத்தில் உள்ள புரதமும் அழற்சியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் உடையும். துளிகள் பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, மிதப்பவை என்பதால் மேல் ஓரத்தில் சேர்கின்றன. சிலருக்கு மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் கருவிழியின் உச்சியில் வெள்ளையாக ஒரு பிறைகூடத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் சல்லடைக்குள் போய் உட்காரும். அவற்றை விழுங்க வரும் உடலின் துப்புரவுச் செல்களும் அங்கேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். சிங்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிகிற கதைதான்.

எண்ணெய்க்குக் கெட்டித்தன்மை உண்டு. 1000 சென்டிஸ்டோக் என்றும் 5000 என்றும் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. கெட்டியானது உடைவது மெதுவாக நடக்கும் என்று கருதப்படுகிறது, ஆனால் ஊசி வழியாக விடவும் எடுக்கவும் சிரமம். எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை உண்டு.

இதைப் படித்ததும், "அப்படியென்றால் இந்தச் சனியனை ஏன் விட்டார்கள்?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயம்தான். ஆனால் கேஸ் வைத்தும் இரண்டு மாதத்தில் மறுபடி கழன்ற கண் என்கிறீர்கள். அப்படிப்பட்ட கண்ணில் பெரும்பாலும் விழித்திரையின் மேல் தழும்புத் திசு வளர்ந்து, அதைச் சுருக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் இத்தகைய கண்கள் போனதுதான். பால் சிபிஸ் என்ற மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் சிலிக்கோன் எண்ணெயை விழித்திரைக்குப் பயன்படுத்திக் காட்டினார். கூழை எடுக்கும் அறுவையை ராபர்ட் மகெமர் 1970களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு எண்ணெய்க்கு உண்மையான இடம் கிடைத்தது. தழும்போடு கழன்ற கண்களில் எது மேல் என்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. 1992-ல் வந்த முடிவுகளின்படி குறுகிய நாள் நிற்கும் கேஸைவிட எண்ணெய் தெளிவாக நல்லது, நீண்ட நாள் நிற்கும் கேஸுக்கு ஏறக்குறைய சமம். கேஸ் தானாகக் கரைந்துபோகும். எண்ணெய் போகாது, எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதனால்தான், உடைந்து தொல்லை தருவதும் அதனால்தான். கண்ணை நேரில் பார்க்காமல் மற்றொரு மருத்துவரின் கைத்திறனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் தப்பு நடந்த வாசனை எனக்கு வரவில்லை. எண்ணெய் உடைவது தெரிந்த விளைவு. அதைத் தேடித்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அளக்கிறார்கள்.

எண்ணெய் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள்ளே வைப்பதும் வெளியே தைப்பதும் ஒவ்வொன்றும் தன் வழியில் அழுத்தத்தை ஏற்றும். கேஸ் என்றால் முதல் சில நாள்: கலவை சற்றே வலுவாகிவிட்டால் குமிழி விரிந்து தள்ளும். கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டி கட்டும் பழைய முறை இன்றும் உண்டு. பட்டி இறுகினால் ரத்தம் திரும்பிப் போகும் நாளங்கள் நெரிந்து, உள்ளே ஒரு வீக்கம் வந்து, ஐரிஸை முன்னால் தள்ளி அந்த மூலையை மூடிவிடும். பெரும்பாலும் முதல் வாரங்களில் தெரிந்துவிடும், அடங்கியும் விடும். அப்புறம், கூழ் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க டிரையாம்சினோலோன் என்ற வெண்துகள் மருந்தைத் தூவுவார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான்! உள்ளே மிச்சம் தங்கினால் வாரங்கள் கழித்து வேலையைக் காட்டும். எண்ணெயே தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும், பாப்பாவை அடைத்துக்கொண்டாலும் அழுத்தம் ஏறும். இயற்கை லென்ஸும் இல்லை, செயற்கை லென்ஸும் இல்லை என்ற கண்ணில் அந்த அடைப்பு எளிதில் வரும் என்பதால், ஐரிஸின் அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், ஒரு சிறு துளை போட்டுவிடுவார்கள். மிதக்கும் எண்ணெய் மேலே இருக்கும், நீர் கீழ்வழியாகப் போகும். ஆண்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1985-ல் எழுதிய யோசனை அது. எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கணவருக்கு ஐந்தாவது மாதத்தில் ஏறியிருப்பதால் இவையெல்லாம் பின்னுக்குப் போகின்றன. உடைந்த எண்ணெயும் அந்த வெள்ளைப் பாட்டிலும்தான் முன்னால் நிற்கின்றன.

மாத்திரையை நிறுத்தியது எனக்குக் கவலை தருகிறது. டயமாக்ஸ் போடுகிற பலருக்கும் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊரும். நரம்பு கெடுகிறது என்று அர்த்தமில்லை, மருந்தை விட்டால் போய்விடும். சிறுநீர் அடிக்கடி வரும். ஹண்ட்ரட் பிளஸ், கோலா மாதிரி கேஸ் அடைத்த பானம் வாயில் சப்பென்று இருக்கும், அது அந்த மருந்தின் வேடிக்கை. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல், சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமை ஆகியவை இருந்தால் மட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லுங்கள். சொட்டு மருந்தில் டிமொலோல் இருந்து அவருக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தாலும் அதே பேச்சுதான். மற்றபடி 34 என்பது "வலிக்கவில்லையே" என்று விட்டுவைக்கிற எண் இல்லை. மெதுவாக ஏறும் அழுத்தம் வலிக்காது. நரம்பில் போன இழை திரும்பி வராது. மாத்திரை பிடிக்கவில்லையா, போன் செய்து சொன்னால் வேறு வழி பார்ப்பார்கள். சொல்லாமல் நிறுத்தினால், அடுத்த முறை எண் இறங்காததைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எண்ணெயை உடனே எடுக்கச் சொல்லலாமா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் "எடுங்கள்" என்று கேட்காமல், "எடுத்தால் விழித்திரை நிற்குமா?" என்று கேளுங்கள். முடிவு அதில்தான் தொங்குகிறது. விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுப்பதுதான் பொதுவான வழக்கம், அந்தக் கணக்கில் நீங்கள் இப்போது சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். உடைந்த எண்ணெயும் ஏறிய அழுத்தமும் எடுப்பதைச் சற்று முன்னுக்குத் தள்ளும். தழும்பு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால் எண்ணெய் வெளியே வந்த பிறகு மறுபடி கழலும் ஆபத்து இருக்கிறது. அப்போது மருத்துவர் ஒரு தட்டில் விழித்திரையையும் இன்னொரு தட்டில் நரம்பையும் வைத்துப் பார்க்கிறார். சில கண்களில் எண்ணெயை எடுக்கவே முடியாமல், அழுத்தத்தை மட்டும் வேறு வகையில் அடக்கிக்கொண்டு காலம் தள்ளுவதும் உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்ணெயை எடுத்த மறுநாளே எண் 15-க்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு இறங்கும். சிலருக்கு நுண்துளிகள் சல்லடையிலேயே தங்கிவிடும், அல்லது சல்லடை அதற்குள் தழும்பாகியிருக்கும். அவர்கள் தொடர்ந்து சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அதுவும் போதாதென்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டிலும் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. ஒன்று, நீர் சுரக்கும் பகுதியை வெளியிலிருந்தே லேசரால் மட்டுப்படுத்துவது. துடிப்பு துடிப்பாக விட்டுவிட்டுப் பாய்ச்சும் மைக்ரோபல்ஸ் முறையில், மற்ற சிகிச்சைக்கு மசியாத கிளாக்கோமாவில் கிடைத்த பலனை தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2010-ல் எழுதியது. மற்றொன்று, சிறு குழாய் பொருத்தி நீரை வெளியே வடிய விடுவது. இங்கேயே உருவான பால் குழாய் என்பது அந்த வகையில் ஒன்று. வடிவமைத்த பேராசிரியர் பால் சியூவின் பெயர் அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழாயை வழக்கமாகக் கண்ணின் மேல்பக்கம் வைப்பார்கள். எண்ணெய் உள்ள கண்ணில் கீழ்ப்பக்கம் வைப்பதுண்டு. மேலே வைத்தால் மிதக்கிற எண்ணெய் குழாய்க்குள் புகுந்துவிடும். உங்கள் கணவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று சொல்ல இப்போது எந்தக் காரணமும் இல்லை.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி விடட்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்தட்டும். மருந்து தொண்டைக்கு ஓடாமல் கண்ணிலேயே நிற்கும். மல்லாந்து படுக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், எண்ணெய் முன்னால் வந்து தள்ளும் என்பதால்தான். திடீரென்று கண்ணும் அந்தப் பக்கத் தலையும் வலித்து, வாந்தி வந்து, பார்வை மங்கினால், நேற்றுச் சாப்பிட்ட மீன்தலைக் கறியைச் சந்தேகித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், கண் அறுவை ஆனவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாமியாரின் விளக்கெண்ணெய் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் போகட்டும். சிலிக்கோன் எண்ணெய் கண்ணுக்குள்ளே அடைபட்டு இருப்பது, வெளியிலிருந்து எதை விட்டாலும் அதைத் தொடப் போவதில்லை. அறுவையான கண்ணில் கிருமி சேர்வதுதான் மிச்சம்.

மற்றக் கண்ணை யாராவது பார்த்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைனஸ் 9 என்றால் விழித்திரை கழலும் அபாயமும் கிளாக்கோமா அபாயமும் இடது கண்ணுக்கும் சேர்த்துத்தான். பாப்பாவை விரித்து ஓரம்வரை பார்த்து, நரம்பையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலது கண்ணின் நரம்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிடவும் அந்தப் படம் உதவும்.

கடைசியாகத் திருச்சி. எண்ணெய் திரவம், உயரே போனாலும் விரியாது. கண்ணுக்குள் கேஸ் கொஞ்சமும் இல்லை என்று மருத்துவர் உறுதி சொல்லி, அழுத்தமும் கட்டுக்குள் வந்துவிட்டால், எண்ணெயோடு பறப்பதற்குத் தடையில்லை. சொட்டு மருந்தையும் மாத்திரையையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜூனுக்கு முன் எண்ணெயை எடுக்க முடிவாகி, எடுக்கும்போது விழித்திரைக்குத் துணையாகக் கேஸ் வைத்துவிட்டால் கதை மாறிவிடும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அங்கே கேஸ் குமிழி கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை விரியும். கண் சுவர் விரியாது. அழுத்தம் எகிறி விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுபோகலாம். ஒரு வகைக் கேஸ் இரண்டு வாரத்தில் கரையும், இன்னொரு வகைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை விமானம் கிடையாது. சாலை வழியாகத்தானே என்று கெந்திங் மலைக்குப் பேருந்து ஏறுவதும் கிடையாது, அதுவும் ஏறக்குறைய 1,800 மீட்டர்தான். பல் மருத்துவரிடம் சிரிப்பு வாயு வாங்குவதும் கூடாது. கேஸ் வைக்காவிட்டாலும், எண்ணெய் எடுத்த முதல் சில வாரங்களில்தான் அழுத்தம் ஏறி இறங்கும், விழித்திரை கழன்றாலும் அப்போதுதான் கழலும். அந்த நாட்களில் அறுவை செய்தவருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஆகவே அடுத்த முறை போகும்போது கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொண்டுபோய்த் தேதியைக் காட்டுங்கள். கூடவே அந்த வெள்ளைப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். எண்ணெயைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்து ஆற விடுவதா, போய் வந்த பிறகு எடுப்பதா என்பதை அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து அவர் சொல்வார். அதுவரை விமானச் சீட்டை, தேதி மாற்றிக்கொள்ள முடிகிற வகையில் வாங்கி வையுங்கள்.